கரண்ட் வந்ததும் தானாகச் சுற்றிய கிரைண்டர்

ராயப்பேட்டையில் என் அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அரை மணி நேரம் ஓடியதும் கிரைண்டர் தானாக நிற்கட்டும் என்று ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கி, வீடியோ பார்த்து புரோகிராம் எழுதி, ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாகக் கிரைண்டரோடு இணைத்தேன். ரிலேயைப் போர்டில் நீட்டியிருக்கும் எந்தப் பின்னில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்றார் வீடியோக்காரர். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது.

அன்று பாதியில் கரண்ட் போனது. ஓரத்தில் ஒட்டிய மாவைத் தள்ள அம்மா உள்ளே கை விட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கிரைண்டரை ஓட்டும் பட்டனை யாரும் தொடவில்லை. கிரைண்டர் அரைச் சுற்று சுற்றி நின்றது. கண்ணாடி வளையல் நொறுங்கி மாவில் விழுந்தது. சட்டென்று கையை உருவியதால் விரல்கள் தப்பின.

"இன்னாடா, என் கை உள்ள கீதா இல்லியான்னு உன் பொட்டிக்குத் தெரியுமா?" என்றார் அம்மா.

போர்டைக் கழற்றி, வாங்கிய கடைக்கே எடுத்துப் போய், ரிலே மாட்டிய பின் எது என்று சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கரண்ட் வந்து போர்டு முழிக்கும்போது அந்தப் பின்னு ஒரு செகண்டு ஆன் ஆவும் நைனா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

யார் அந்த எல்லாரும்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விற்கும்போதே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்தப் போர்டுக்கான விவரக் குறிப்பு நெட்டில் இருந்தது. ஆங்கிலத்தில் முப்பது பக்கம் என்று படிக்காமல் விட்ட என்மேலும் எனக்குக் கோபம்தான்.

போர்டைத் திரும்பக் கிரைண்டரில் மாட்டவில்லை. இப்போது எதைச் செய்தாலும் முதலில் ரிலேயில் ஒரு பல்பை மட்டும் மாட்டி, கரண்ட்டைப் பத்து முறை நிறுத்திப் போட்டுப் பார்க்கிறேன். பல்பு ஒரு முறை மினுக்கினாலும் அந்தப் பின்னைத் தொடுவதில்லை.