இரட்டைப் பகா எண்களுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் வருகிற அன்று காலை, கோவில்பட்டியில் எங்கள் கல்லூரி வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் நின்றது. ‘இரட்டைப் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று நிரூபித்த குலவிளக்கே!’ கீழே எங்கள் ஊர் புதூர்ச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும்.

நான் எதையும் நிரூபிக்கவில்லை. உலகத்தில் யாருமே இன்னும் நிரூபிக்கவில்லை. பதினொன்று, பதிமூன்று போல இரண்டு தள்ளி நிற்கும் பகா எண் ஜோடிகள் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்று மதிப்பிடுவதுதான் என் வேலை. மூன்றின் மடங்குகளைச் சலித்துத் தள்ள வேண்டும், பிறகு ஐந்து, ஏழு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சல்லடைக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துப் பெருக்கினால் விடை அசலைவிடக் கூடுதலாக வரும். எண்கள் பெரிதாகப் பெரிதாக அந்தக் கூடுதலும் ஏறி என் உயிரை வாங்கும். ஒரு திருத்தம் போட்டால் அச்சாகப் பொருந்தும். எப்போதும் பொருந்தும் என்று காட்டத்தான் ஆளில்லை.

ஃப்ளெக்ஸ் வைத்தது அண்ணன். ஆடு மேய்க்கிற அவனிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“அண்ணே, இதைக் கழட்டு. மானம் போகுது.”

“ஏட்டி, கணக்கு சரியா வருதுன்னு நீதான சொன்ன?”

“சரியா வந்தா நிரூபிச்சதாயிருமா?”

“பெறவு வேற என்னட்டி வேணும்?”

அதற்குள் பேராசிரியரின் கார் வந்துவிட்டது. மனிதர் இறங்கி நின்று முழுசாக வாசித்தார். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறவள் என்று நினைத்துவிட்டால் பட்டம் போயே போச்சு. அண்ணனை அப்படியே நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது.

அரங்கில் முன்வரிசை முழுக்க எங்கள் ஊர்தான். பேராசிரியரின் முதல் கேள்வியே அதுதான்.

“நிரூபிச்சிட்டீங்களாம்மா?”

“இல்லை சார். மதிப்பீடு மட்டும்தான்.”

அண்ணன் எழுந்தே விட்டான். “அவ அப்படித்தான் சார் சொல்லுவா. நல்லாப் பாருங்க, உள்ள எங்கயாச்சும் எழுதியிருப்பா.”

அரங்கமே சிரித்தது. எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்காமல், “உட்காருங்க அண்ணாச்சி, பார்க்கிறேன்” என்றார். வரிக்கு வரி குடைந்துவிட்டுத்தான் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் தனியாக இழுத்தான்.

“நெசமாவே நிரூபிக்கலையா?”

“இல்லண்ணே.”

“தெரியலைன்னு சொன்னதுக்கா பட்டம் குடுத்தாவ?”

“ஆமா.”

அண்ணன் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிக் கத்தினான்:

“நிரூபிச்சாச்சு! எல்லாரும் சாப்பிட வாங்க.”