மாலையைத் தொட்டுச் சொன்ன மெட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு மண்டலம் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போடும்போது இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். மாலை கழற்றும்போது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஐடிஐ படித்தவன், எழுதிப் பழக்கமில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். உண்மையான காரணம் வெட்கம்.

பூனாவுக்குப் பக்கத்தில் ஆகுர்டியில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லேத்தில் வேலை பார்க்கிறேன். வீடு விஷ்ராந்த்வாடியில். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர அதைவிடக் கூட. கடைசி இரண்டு வரிசையில் தமிழ் ஆட்கள் உட்காருவோம். அங்கே தினமும் ஒரே வழக்குதான். எங்கள் காலத்துச் சினிமாவின் இரண்டு இசையமைப்பாளர்களில் யார் பெரியவர்? பெயர்களை எழுதப் போவதில்லை. பஸ்ஸிலும் நாங்கள் பெயர் சொன்னதில்லை. முதலில் வந்தவர் பெரியவர், பிறகு வந்தவர் சின்னவர்.

பெரியவர் கட்சிக்கு நான் தலைவன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். சின்னவர் கட்சிக்குத் தலைவர் தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர்.

"ஏனுங்ணா, உங்காளு அந்த ஒரு வயலினை வெச்சுட்டு இன்னும் எத்தன நாளைக்குங்க குடும்பம் நடத்துவாரு?" என்பார்.

"ஒங்காளு பாட்டுல பாடுதவன் என்ன சொல்லுதான்னு மொதல்ல நீரு கேட்டுச் சொல்லும்வே. மிஷின் சத்தத்துக்கு நம்ம ஷாப்பு பத்தாதா?" என்பேன் நான்.

பஸ் ஓட்டும் மராத்திக்காரர் ஒருநாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி, "ஜமீன் கா ஜகடா ஹை க்யா?" என்று கேட்டார். ஏதோ நிலத்தகராறு என்று நினைத்திருக்கிறார். பாட்டுக்காகத்தான் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கார்த்திகை முதல் தேதி நாங்கள் இரண்டு பேரும் ஐயப்பனுக்கு மாலை போடுவோம். அன்று முதல் 'வே' கிடையாது, 'ஏனுங்ணா' கிடையாது. எல்லாரும் சாமி. கோபமும் கூடாது. ஆனாலும் வழக்கு நிற்காது. "சாமி, உங்காளு காலம் மலையேறிப் போச்சுங்க சாமி" என்பார். "நாமளும் மலையேறத்தான சாமி போறோம்" என்பேன். வாய் நிறையச் சாமி என்று சொல்லிக்கொண்டே ஒருவரை ஒருவர் வாருவோம்.

எங்கள் தொழிற்பேட்டையில் வியாழக்கிழமைதான் விடுமுறை. அன்று சாயங்காலம் யாராவது ஒரு வீட்டில் பஜனை. சினிமா மெட்டில் சாமி பாட்டு எழுதிப் பாடுவது எங்களுக்குள் சகஜம். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன்.

அது எழுதிய கதையைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுப் பழகிய ஒரு சினிமா மெட்டு தானாக வாயில் வந்தது. கையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். 'நெய்யாய் உருகி நிற்கிறேன் ஐயனே, என் பிள்ளை கண்ணைத் திறக்க வையனே' என்று தொடங்கும். அன்று சாயங்காலம் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அதை டாக்டர் எப்படிச் சொல்வாரோ தெரியாது. எனக்கு அது ஐயன் செய்தது. அந்த மெட்டைப் போட்டுத் தந்தவர் பெரியவர். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நம்பியதற்குக் காரணம் ஒரு கேசட். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு கடையில், பெரியவர் பாட்டாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கினேன். மேலே அவர் பெயரை நானே எழுதி ஒட்டினேன். அதில் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு இந்த மெட்டு. நான் கொடுத்த பட்டியலில் அது இல்லை. நாடா மிச்சமாக இருந்ததால் கடைக்காரர் தம் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டு நிரப்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்போது நான் வெட்கப்படும் அந்தச் சம்பவம் நடந்த வருஷத்துக்கு வருகிறேன். அதற்குள் பதினேழு முறை மலைக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் வருஷம் போகிறவர் இருமுடியோடு தென்னங்கன்றும் கொண்டுபோக வேண்டும். ஊரிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து பால்கனியில் எண்ணெய் டின்னில் வைத்திருந்தேன். கம்பெனிக்குக் கிளம்பும்போது அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன்.

மூன்றாவது வியாழக்கிழமை பஜனை என் வீட்டில். என் பாட்டைப் பாடி முடித்தேன். கோயம்புத்தூர்ச் சாமி தாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. இத்தன வருஷமா எங்காளு மெட்டைத்தானுங்க பாடிட்டிருக்கறீங்க. இன்னைக்காவது ஒத்துக்குங்க சாமி."

எல்லாரும் சிரித்தார்கள். "யாரு மெட்டு? சும்மா இரும் சாமி, இது பெரியவரோடது" என்றேன். "இல்லீங்க சாமி" என்றார். எனக்கு மகள் படுத்திருந்த கட்டில்தான் கண்ணில் வந்தது. மார்பில் கிடந்த மாலையைப் பிடித்துக்கொண்டு, "மாலையத் தொட்டுச் சொல்லுதேன், இது பெரியவர் மெட்டு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் போனை எடுத்துத் தேடப் போனார். கோயம்புத்தூர்ச் சாமி எட்டி அந்தப் போனைக் கையால் மூடினார்.

"சாமி மாலையத் தொட்டாச்சுங்க. அப்புறம் போன் எதுக்குங்க? நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அது அவரு மெட்டேதானுங்க."

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வழக்கு இல்லை. யாராவது கிளப்பினால், "பெரியவரு பெரியவருதானுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, நிலம் விற்றுப்போய்விட்டதா என்று கேட்டார்.

எழுத வெட்கப்பட்டது இந்த இடத்துக்குத்தான். சத்தியம் செய்தபோது எனக்கு உண்மை தெரியும். அந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடை ரேடியோவில் அதே பாட்டு வந்தது. முடிந்ததும் அறிவிப்பாளர் சின்னவர் பெயரைச் சொன்னார். டீ கையிலேயே ஆறிப்போயிற்று. அறிவிப்பாளர் தப்பாகப் படித்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. தேடவில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்று தெரிந்துதான் தேடவில்லை.

விரதத்தில் மாலை மேல் பொய் சொன்னது ஒன்று. என் மாலையைக் காப்பாற்ற இன்னொரு சாமியும் தம் மாலையோடு தினமும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. பூஜையில் உட்கார்ந்தால் சரணம் வாயில் வரும், மனசு பஸ்ஸில் இருக்கும்.

இருமுடி கட்டும் நாள் வந்தது. குருசாமி தேங்காயில் நெய் ஊற்றத் தயாராக உட்கார்ந்திருந்தார். தென்னங்கன்றுக்கு மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தார்கள். என் முறை வந்ததும் நான் உட்காரவில்லை. "அந்த மெட்டு சின்னவரோடது சாமி. நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்" என்றேன்.

குருசாமி நிமிர்ந்து பார்த்தார். "தெரியாமச் சொன்னதுதானே சாமி? அதுக்கு மன்னிப்பு உண்டு. உக்காருங்க."

நான் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பதினெட்டு ஆகியிருக்கும். என் மனைவி கன்றுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"தெரிஞ்சுதான் சாமி சொன்னேன்."

அவர் நெய்ச் சொம்பைக் கீழே வைத்தார். "நீங்களே சொல்லுங்க சாமி, கட்டவா வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றேன். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். என் தேங்காயில் மட்டும் நெய் நிரப்பித் தந்தால் யாராவது கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன்.

கோயம்புத்தூர்ச் சாமி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது இதுதான்:

"அப்ப எங்காளு மெட்டேதானுங்களே? அப்பாடா! இத்தன நாளு வாய மூடிட்டு இருக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சுங்க சாமி."

குருசாமிகூடச் சிரித்துவிட்டார்.

அந்த வருஷம் நான் போகவில்லை. என் பாட்டைக் கோயம்புத்தூர்ச் சாமி ரயிலில் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனாராம். அடுத்த வருஷம் வேறு கன்று வாங்கிக்கொண்டு நான் பதினெட்டாம் முறை ஏறினேன். பழைய கன்றை எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டோம். பூனா மண்ணுக்கு அது நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இன்னும் காய்க்கவில்லை. பஸ்ஸில் வழக்கு பழையபடி நடக்கிறது. என் கட்சி மாறவில்லை. பெரியவர்தான் பெரியவர்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், இந்தக் கதை ஆளுக்கு ஒரு மாதிரியாகச் சுற்றுகிறது. கோயம்புத்தூர்க்காரர் பொறாமையில் குருசாமியிடம் போட்டுக் கொடுத்து என்னைத் தடுத்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். போன மாதம் அவர் மகளிடமே யாரோ அப்படிக் கேட்டிருக்கிறார்கள். என் மேல் பிரியமுள்ளவர்கள், நான் தெரியாமல் சத்தியம் செய்ததாகச் சொல்கிறார்கள். இரண்டும் பொய்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். சுவைக்காக எதையும் சேர்க்கவும் வேண்டாம். தெரிந்தே பொய் சொன்னவன் நான். அவர் போனை மூடினார், தேங்காயைச் சுமந்தார், அவ்வளவுதான். அந்த மெட்டு சின்னவருடையது என்பதையும் விடாமல் சொல்லிவிடுங்கள்.