ஹெலிக்குப் பிறந்தநாள்

மருதனார்மடம் சந்தையில் வெற்றிலை விற்ற அந்த மெலிந்த மனிதர், ஆமியின் ஹெலிகொப்டர் முதன்முதல் வந்து எங்கள் சந்தையில் சுட்ட நாளை மறக்கவில்லை. வருடந்தோறும் அன்று எல்லோருக்கும் ரொபி மிட்டாய் கொடுப்பார்.

“விசரே அண்ணை, சுட்ட நாளுக்கு இனிப்புக் குடுக்க?” என்றேன் ஒரு வருடம்.

“ஹெலிக்குப் பிறந்தநாள், தம்பி. கொழும்பிலை கேக் வெட்டுவினம். நாங்கள் சும்மா இருக்கலாமே?”

அப்போதே பிளேன் சத்தம் கேட்டது. எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தோம். ரொபிப் போத்தலோடு அவர் கடைசியாக இறங்கினார்.

“உந்தப் பிளேன், ஓடப் பழகிறவைக்கெண்டு செய்ததாம். எங்கடை தலையிலை பழகினம்.”

எல்லோரும் சிரித்தோம். குண்டு தள்ளி விழுந்தது. எங்கள் மேல் மண் உதிர்ந்தது.

“அந்த முதல் நாள், உங்கடை வீட்டிலை ஆரும் செத்தவையோ?” என்று மெல்லக் கேட்டேன்.

அவர் ஒரு ரொபியை உரித்து என் வாயில் திணித்தார்.

“பிறந்தநாளிலை உந்தக் கதை கதைக்கிறேல்லை.”

அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.