மாக்டலேனாவுக்கு நான்கு பூசைகள்

செல்வரட்ணம் இறந்து இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கும் நினைவு மடல் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். மனைவி எவ்லின் மகனிடம் ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தாள்.

"என்னைத் தவிர இன்னொருத்தியை நினையாத மனுசன் எண்டு போடு, றெக்ஸ்."

அந்த வரியைத்தான் றெக்ஸால் எழுத முடியவில்லை. தகப்பனின் செபப் புத்தகத்துக்குள் நான்கு துண்டுகள் கிடைத்திருந்தன. இறந்தவருக்காகப் பூசை கேட்டு, கோயிலில் பெயர் கொடுத்ததற்கான துண்டுகள். 1992 முதல் 1995 வரை, மே மாதம் தவறாமல். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: மாக்டலேனா ஹோவ்மன்.

றெக்ஸ் தொலைக்காட்சி திருத்துபவன். பழுதை ஊகிக்க மாட்டான், படிப்படியாகச் சோதிப்பான். தகப்பன் 1980இல் ஜெர்மனிக்கு, இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்குத் தனியாக வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவியவர். எவ்லின் வந்து சேர மூன்று வருடம் பிடித்தது. கூட வேலை செய்த ஜெர்மன்காரியாக இருக்கலாம். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் பொருந்தியது.

பூசைக்குப் பெயர் எழுதுபவள் டொறத்தி. அவளிடம் போனான்.

"அக்கா, ஆர் இந்த மாக்டலேனா?"

"கொப்பற்ர ஆளெல்லே!" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "முகத்தை அப்பிடி வைச்சிருக்காதை. லோறா வேன், ஹொலிவூட் நடிகை. அவள் செத்த கிழமை வந்து பேர் குடுத்தவர். அது படத்துக்கு வைச்ச பேர், பூசைக்கு ஞானஸ்நானப் பேர் வேணும் எண்டு நான்தான் சொன்னனான். மனுசன் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டார்."

"அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"மன்னாரில தியேட்டரில பட மிசின் ஓட்டின நாளிலயிருந்து அவளில விருப்பமாம். சொன்னா கொம்மா விடுவாவோ?"

செத்தவரைக் காப்பாற்றச் சொல்கிறாளோ என்று றெக்ஸ் சந்தேகப்பட்டான். நேரே நூலகத்துக்குப் போய்த் திரைப்படக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினான். லோறா வேன். இயற்பெயர் மாக்டலேனா ஹோவ்மன். பிறப்பு ஹம்பேர்க். இறப்பு 1992 மே. படத்தில் ஊசிக் கோடாய்ப் புருவம், தோளில் மென்மயிர்ச் சால்வை.

ஞாயிறு பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஜெர்மன் குரல் கொடுத்த பழைய ஹொலிவூட் படங்கள் போகும்போது, தகப்பன் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். கேட்டால், "இது அவளின்ர குரல் இல்லை," என்பார். பெட்டியில்தான் பழுதென்று றெக்ஸ் ஒருமுறை கழற்றியும் பார்த்தான். நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்வரை தான் அழுவது அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லி, நகலெடுத்த படத்தையும் நீட்டினான்.

"இவள் எப்பவாவது இஞ்ச வந்தவளோ?"

"இல்லையம்மா. அமெரிக்காவில இருந்தவள்."

"கொப்பர் அங்க போனவரோ?"

"அவருக்கு ஏது விசா?"

எவ்லின் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கிறாள், மூதேவி."

"இப்ப அந்த வரியைப் போடலாம்தானே?"

"விசரே உனக்கு? கோயில்ல குடுக்கிற மடலில பொய் எழுதிறதோ? அன்புக் கணவர் எண்டு போடு, காணும்."

றெக்ஸ் அப்படியே எழுதினான்.