அப்பாவிக் கணவன், பத்துக்கு எட்டு அளவில்

ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே பொய் எழுதச் சொல்வார்கள். சாவு வீட்டுக்காரர்கள் மட்டும் அழுதுகொண்டே எழுதச் சொல்வார்கள்.

கடை திருப்பாதிரிப்புலியூரில். நான் டிசைனர். மிஷின் ஓட்டுகிறவர் பரங்கிப்பேட்டை கபீர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கல்யாண மண்டப வாசல்களில் மாப்பிள்ளையின் நண்பர்கள் கட்டுகிற நக்கல் பேனர்களில் பாதி என் கைவண்ணம். ‘ஆயுள் தண்டனை இன்று ஆரம்பம்’, ‘சுதந்திரம் பறிபோன நாள்’ என்றெல்லாம் படித்துச் சிரித்துவிட்டுப் பந்திக்கு ஓடியிருப்பீர்களே, அதெல்லாம் நான்தான். இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் எனக்கு வயது முப்பத்தாறு, பெண் கிடைக்கவில்லை. காலையில் இன்னொருத்தன் கல்யாணத்தைக் கேவலப்படுத்தி அச்சடிப்பேன். சாயங்காலம் தரகருக்குப் போன் போட்டு, “ஏதாவது வந்துச்சாண்ணே?” என்பேன். அந்தக் குரலில் இருக்கும் குழைவு, என்னைப் போலத் தவம் கிடந்த சகோதரர்களுக்குத் தெரியும்.

மாலையோடு வந்த மாமா

புவனகிரிப் பக்கம் ஒரு கல்யாணம். பேனரைக் கண்ணீர் அஞ்சலி மாதிரியே செய்யச் சொன்னார்கள் நண்பர்கள். மாப்பிள்ளை படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம், ‘தோற்றம்’ என்று பிறந்த தேதி, ‘மறைவு’ என்று முகூர்த்தத் தேதி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தது மட்டும் என் சொந்தக் கற்பனை. எனக்கும் பத்திரிகை வைத்திருந்ததால் சாப்பிடப் போயிருந்தேன்.

மாப்பிள்ளையின் தூரத்து மாமா ஒருவர் பஸ் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கடைவீதியில் பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தியபடி மண்டபத்துக்குள் நுழைந்தார். மேடையில் செத்துப்போன மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு தாலி கட்டிக்கொண்டிருந்தான். எழுதியது யார் என்று விசாரித்து நேராக என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். அடி விழப்போகிறது என்று அப்பளத்தைக் கீழே வைத்தேன். அவர் கேட்டது இதுதான்: “பூக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான். இந்த மாலைய யாருக்குப் போடறதுன்னு நீயே சொல்லுடா!”

வஞ்சப்புகழ்ச்சி வாத்தியார்

அண்ணாமலை நகரில் குடியிருக்கும் ஒரு தமிழ் வாத்தியார், போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றில் அணியிலக்கணம் நடத்துகிறவர். வஞ்சப்புகழ்ச்சி அணியில் புலி. ஒன்பது மணி வகுப்புக்குப் பத்தே முக்காலுக்கு வருவார். அவர் பிறந்தநாளுக்கு மாணவர்கள் என்னிடம் வந்து, ‘கடிகாரங்கள் கண்டு கற்கும் காலந்தவறாச் செம்மலே’ என்று பேனர் அடித்துப்போனார்கள். வாத்தியார் சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் வாத்தியாரே கடைக்கு வந்தார், மாலையில் வருவதாகச் சொல்லி அனுப்பியவர் கடையடைக்கும் நேரத்துக்கு. கண் கலங்கியிருந்தது. “பசங்க மனசு தங்கம்ங்க. இதையே இன்னும் கொஞ்சம் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, எங்க மாமனார் வீட்டுத் தெருவுல கட்டணும்” என்றார்.

மாடல்

நக்கல் பேனருக்கு ஒரு அப்பாவிக் கணவன் படம் அடிக்கடி தேவைப்பட்டது. ஊரில் எவன் படத்தைப் போட்டாலும் அவன் சம்சாரம் கடைக்கு வந்துவிடும். அதனால் நானே கிழிந்த பனியனோடு, தலையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். கபீர் போனில் படம் எடுத்தார். அந்தப் படம் ஐந்து வருஷமாக எத்தனை மண்டபத்தில் தொங்கியது என்று எனக்கே கணக்கில்லை. எடுத்த அன்றே கபீர் திரையைப் பார்த்துச் சொன்னார்: “மச்சான், ஒனக்கு மூஞ்சியிலயே கல்யாணம் ஆன களை இருக்கு, பிளாஸ்திரி கூட ஜாஸ்திதான்.”

மூன்றாவது வீடு

ஜாதகம் பொருந்திய இரண்டு வீட்டார் என்னை வந்து பார்க்காமலேயே வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. வயசு, நிறம், கடை வேலை என்று நானாகவே ஒவ்வொன்றாக நினைத்து நொந்துகொண்டேன். மூன்றாவது வீடும் கைவிட்ட அன்று தரகர் கடைக்கே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமா கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

“ரெண்டாந்தாரமா குடுக்க மாட்டாங்களாம் தம்பி. பாத்திரம் தேய்க்கவுட்டு அடிக்கிறாங்களே, அந்த மொத சம்சாரத்தை முறைப்படி தீத்துட்டு வரச் சொல்றாங்க.”

சிதம்பரத்தில் ஒரு கேள்வி

அன்று நிஜமாகவே அழுதேன். யாரையோ கிண்டல் செய்வதாக நினைத்து, ஐந்து வருஷம் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். அடுத்து வந்தது சிதம்பரத்து வரன். பெண் தமிழ்ச்செல்வி, மருந்துக்கடையில் வேலை. இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று தரகர் சொல்லிவிட்டார். சாட்சிக்குக் கபீரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெண்ணின் அப்பா காபி கொடுப்பதற்கு முன்னால் போனை நீட்டினார். ஏதோ கல்யாணத்தில் குடும்பத்தோடு எடுத்த படம். பின்னால் பத்துக்கு எட்டு அடி பேனரில் நான், பனியனும் பிளாஸ்திரியுமாக. கபீர், “அல்லா மேல ஆணைங்க, இவனுக்கு ஒரு சம்சாரம் கூட கெடையாது” என்று எழுந்தே விட்டார். அப்பா அசையவில்லை. “சரி, கல்யாணத்த இவ்ளோ கேவலமா எழுதுறவருக்கு இன்னாத்துக்குங்க கல்யாணம்?” என்றார். “கெடைக்கலியேங்கற வயித்தெரிச்சல்லதாங்க எழுதுனேன். எனக்கும் வீட்டுக்குப் போனா பேச ஒரு ஆள் வேணும்” என்றேன்.

உள்ளேயிருந்து வந்த தமிழ்ச்செல்வி அப்பாவின் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, என் கையிலிருந்த குண்டானை.

“அடிப்பிடிச்சதக் கூட சுத்தமாத்தான் தேய்ச்சிருக்கீங்க. தெனமும் இப்புடித் தேய்ப்பீங்கன்னா எனக்குச் சம்மதம்ப்பா.”

ஊரைச் சிரிக்க வைக்க நான் அச்சடித்த ஆயிரம் பொய்களில் ஒன்றே ஒன்று மட்டும் இப்போது எங்கள் வீட்டுக் குழாயடியில் தினம் இரண்டு வேளை உண்மையாகிக்கொண்டிருக்கிறது, பிளாஸ்திரிக்கு இன்னும் அவசியம் வரவில்லை.