மூடுபனியில் நின்ற ஆட்டம்

என் வீட்டு முன்னறை அலுமாரியின் மேல் ஒரு மரக் கிலுக்கு இருக்கிறது. குழந்தைகள் ஆட்டுவது அல்ல, அந்தக் காலத்தில் இங்கே கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டு போனது. பிடியைப் பிடித்துச் சுழற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய பலகை பற்சக்கரத்தில் அடிபட்டுக் கடகடவென்று தெருவையே எழுப்பும். என்னிடம் இருப்பதில் அந்தப் பலகை இல்லை, யாரோ கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். குட்மேய்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "பழுதாப் போச்சு, எறியுங்கோவன்" என்பார்கள். அதன் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆகவே சிரித்துச் சமாளிப்பேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் அம்மாவும் மனோர் பார்க்கில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணம் கட்டாதவர். பால்காரன் முதல் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் சமையலறையில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி மழையைப் பற்றிச் சொல்ல மற்றவள் மிளகாய்த் தூளைப் பற்றிப் பதில் சொல்வாள். அப்படியொரு சந்தோசமான சிநேகிதத்தை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

வாசலுக்கு உட்புறம், நடையில், தொப்பி போட்ட ஓர் இளைஞனின் படம் தொங்கியது. மிஸ்ஸின் தமையன். அதன் கீழே சின்ன மேசை, மேசையில் இந்தக் கிலுக்கு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஒரு வருடம், அந்தப் பகுதிச் சின்னக் கழகம் கப் போட்டியில் தன்னிலும் பெரிய கழகங்களை ஒவ்வொன்றாக விழுத்திக்கொண்டு முன்னேறியதாம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய போட்டி. ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. மூன்றாம் சுற்று ஆட்டத்துக்குத் தமையன் கிலுக்கோடு போனான். பாதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கியது. பந்தும் தெரியவில்லை, பக்கத்தில் நிற்பவனும் தெரியவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். எல்லோரும் சுவரைத் தடவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். தமையன் வரவில்லை. மைதானத்தில் அவன் நின்ற படிக்கட்டில் கிடந்ததாகச் சொல்லிக் கிலுக்கை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். தேடாத இடமில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த மிஸ் அதைச் சுழற்றிச் சுழற்றி அவனைக் கூப்பிட்டதைத் தாங்க மாட்டாமல் தகப்பன்தான் பலகையை அறுத்துப் போட்டாராம்.

"நின்றுபோன ஆட்டம் கணக்கில் இல்லை. முதலிலிருந்து ஆட வேண்டும். அதுதான் விதி" என்பார் மிஸ். மறு ஆட்டத்தில் கழகம் தோற்றுப்போனது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தமையன் போனது அந்த முதல் ஆட்டத்துக்கு. அது முடியவில்லை. முடியாத ஆட்டத்திலிருந்து ஆள் எப்படி வீடு திரும்பும்?

ஒவ்வொரு தை மாதமும், அந்தக் கப் போட்டியின் மூன்றாம் சுற்று நடக்கும் சனிக்கிழமை பின்னேரம், வாசற்கதவைத் தாழிடும் கொழுவியை எடுத்துவிட்டுப் படத்தின் முன்னால் பாணும் சீஸும் ஒரு போத்தல் கறுத்த பியரும் வைத்துவிட்டு அவர் காத்திருப்பார். நாங்கள் போன முதல் வருடம், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், நானும் கூட நின்றேன். இருட்டுப்படும் நேரம், தெருமுனையில் கடகடவென்று ஒரு சத்தம். மெல்ல மெல்லக் கிட்ட வந்து கேற்றடியில் நின்றது. தெருவில் ஒருவருமில்லை. மேசையிலிருந்த கிலுக்கைப் பார்த்தேன், அது கிடந்தபடியே கிடந்தது. நான் மாடிப்படிப் பக்கம் பின்வாங்கினேன். மிஸ் மட்டும் சிரித்த முகமாக, "கேற்றடி வரைக்கும்தான் வருவான்" என்றார்.

எங்களுக்கும் ஒரு படம் இருந்தது. ஊரில் சண்டை நடந்த காலத்தில் ரியூசனுக்குச் சைக்கிளில் போன என் அண்ணை திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் ஆமியின் காவலரணுக்குப் பக்கத்தில் கிடந்தது. படலையடிக்கு வந்ததும் இரண்டு தரம் மணி அடிப்பது அவன் பழக்கம். செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவது என்பதால் அவன் படத்தில் ஒரு பூவைக்கூட அம்மா வைக்க விடமாட்டா.

அடுத்த வருடம் அந்தச் சனிக்கிழமை நான் வேலையால் வரும்போது மிஸ்ஸின் தமையன் படத்தில் செவ்வந்தி மாலை தொங்கியது. அம்மா கோயிலால் வந்தவ, படத்தின் முன்னால் சாப்பாடும் போத்தலும் இருப்பதைக் கண்டிருக்கிறா. ஊரில் செத்தவர்களுக்குப் படைக்கும்போது அவர்கள் விரும்பிய சாராயமும் சுருட்டும் வைப்பார்களே. பாவம், மனுசி தனியப் படைக்கிறாவே என்று கையிலிருந்த மாலையைப் போட்டுவிட்டா.

மிஸ் கதவடியில் நின்றார். இருட்டியது. தெருமுனையில் சத்தமே இல்லை. நெடுநேரம் கழித்துத் திரும்பியவர் அப்போதுதான் மாலையைக் கண்டார். என்ன இது என்று கேட்டார். செத்தவர்களுக்குப் போடுவது என்று சொன்னேன். அதுவரை சொல்லாமல் விட்ட தமையனின் கதையை அம்மாவுக்கும் சொன்னேன்.

"ஐயோ பிள்ளை, வரப்போற பெடியனுக்கு மாலையைப் போட்டிட்டனே!" அம்மா தலையில் அடித்துக்கொண்டு அதைக் கழற்றப் பாய்ந்தா. மிஸ் அவவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. கேற்றடி வெறுமையாக இருக்கிறது. அவன் போய்விட்டான்."

அழவில்லை. கதவைச் சாத்திக் கொழுவியைப் போட்டார். பிறகு பாணை இரண்டாகப் பிய்த்து அம்மாவுக்குப் பாதி கொடுத்தார். படைத்ததை இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அந்த வசந்தத்தில் நித்திரையிலேயே போய்விட்டார். கிலுக்கை அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

நாங்கள் குட்மேய்ஸுக்கு வீடு மாறிய பிறகு அந்தச் சனிக்கிழமைகளில் அம்மா கொழுவியை எடுத்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினா. சாப்பாடு மட்டும் வைக்க மாட்டா, அந்தப் பயம் போகவே இல்லை. "கேட்டுதோ பிள்ளை? இரண்டு தரம் மணி அடிச்சவன்" என்பா. நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்காக அம்மாமேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அம்மா போய் ஒரு வருடமாகிறது. நாளைக்குத் திவசம். "அம்மாவின்ர திவசத்தோட உங்கட அண்ணைக்கும் செய்து விடுங்கோ, எத்தினை காலத்துக்கு இப்பிடியே விடுறது?" என்றார் ஐயர். அவர் சொல்வதும் சரிதான். களைத்துவிட்டேன். ஓம் என்று சொல்லி இரண்டு மாலை வாங்கிவந்தேன். இன்றைக்கு மூன்றாம் சுற்றுச் சனிக்கிழமை என்பது தொலைக்காட்சியைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. இப்போது மறு ஆட்டம் என்பதே இல்லை. சமநிலை என்றால் அன்றைக்கே பெனால்டி அடித்து முடித்துவிடுகிறார்கள்.

அம்மாவின் படத்துக்கு மாலை போட்டேன். மற்றதை எடுத்துக்கொண்டு அண்ணையின் படத்தடிக்குப் போனேன். பின்னேர வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அலுமாரியின் மேலிருந்த கிலுக்கு அசையவில்லை. வெளியே, கேற்றடியில், சைக்கிள் மணி இரண்டு தரம் அடித்தது.

மாலையைக் கிலுக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்க் கொழுவியை எடுத்துவிட்டேன்.