அக்கா பாத்துப்பாங்க

இருபத்திரண்டு வருஷ வேலையில் பெட்டியக்கா சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு எடுத்தது ஒரே ஒரு தடவைதான். கணவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பேருந்து ஓட்டிய மனிதர். கண்ணில் மருந்து விட ஆள் வேண்டுமென்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். நாலாம் நாள் காலையில் பெட்டியக்கா அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குள் நுழைந்தபோது, முற்றத்தில் எட்டாயிரம் பெட்டிகள் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தன. டிசைன் அறையில் இருந்த ஐந்து பேரும் தலையை நிமிர்த்தவில்லை.

பழச்சாறு பாட்டில் ஆறு நிற்க வேண்டிய பெட்டி அது. ஐந்து நின்றது. ஆறாவதை இறக்கினால் பெட்டியின் வயிறு பிதுங்கியது.

அட்டைப்பெட்டி வேலையில் ஒரு சங்கதி உண்டு. மடிப்பு அளவைத் தின்னும். தடித்த அட்டையை மடிக்கும்போது அதன் தடிமன் உள்பக்கம் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வரைகிறவர் அந்தத் தடிமனை ஒவ்வொரு மடிப்பிலும் கூட்டி வரைய வேண்டும். பெட்டியக்கா இல்லாத மூன்று நாளில் மாதிரிப் பெட்டியை மெல்லிய அட்டையில் செய்து பார்த்திருக்கிறார்கள். பாட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. நிஜப் பெட்டியை மூன்றடுக்கு அட்டையில் வெட்டியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

முதலாளி கெட்டவர் இல்லை. கத்தக்கூட இல்லை. பெட்டியக்காவைக் கூப்பிட்டு, ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா டிசைனையே வெளியில குடுத்துடுவேம்மா. இங்க இந்த அறையே வேண்டாம்.”

ஐந்து பேரின் வேலை.  பிள்ளைகள் கவனமாக இல்லை, அவர்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும், வெளியிலிருந்து ஒருவரைத் தேடிக் கூட்டி வருகிறேன், அவர் வந்ததிலிருந்து ஆறு வாரம் கொடுங்கள் என்று பெட்டியக்கா கேட்டார். முதலாளி யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இதில் பெட்டியக்காவின் மனதில் ஒரு துளி கள்ளம் இல்லை. தன்னுடைய கையும் இதில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் பதினெட்டு வயதில் பசை ஒட்டும் பிரிவில் சேர்ந்தவர். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் டிசைன் அறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தே வரையக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் தட்டித் தடவிப் பிடித்துக்கொண்டார். அப்போது அந்த அறைக்குத் தலைவராக ஒரு மீசைக்காரர் இருந்தார். பெட்டியக்கா முதன்முதலாக வரைந்து கொடுத்த தாளை அவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். “இது பெட்டியா, இல்ல வாய் கோணின மூஞ்சியா?” என்று கேட்டுவிட்டு நாலாகக் கிழித்தார். அறையே சிரித்தது. பெட்டியக்கா கழிவறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். நமக்குக் கீழே ஒருவர் வேலை செய்யும் காலம் வந்தால், அவரை இப்படி ஒருநாளும் நிற்கவைக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

அந்தக் காலமும் வந்தது. மீசைக்காரர் ஓய்வு பெற்றார். பெட்டியக்கா அறைக்குத் தலைவரானார். எந்த வரைபடமும் அவருடைய மேஜைக்கு வந்துதான் வெட்டும் பிரிவுக்குப் போகும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் ஒவ்வொன்றாகத் திறப்பார். தடிமன் விட்டுப்போயிருந்தால் கூட்டுவார். ஒட்டும் மடல் குட்டையாக இருந்தால் நீட்டுவார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். திரும்பி வருகிறவர்களிடம், “நல்லா வந்திருக்கும்மா, அனுப்பிட்டேன்” என்பார். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பதில் அவருக்குப் பசி ஆறிவிடும். பன்னிரண்டு வருஷம் தன் சாப்பாட்டை ஆறவைத்துத்தான் சாப்பிட்டார்.

பயிற்சி தேடுவது பெண்ணுக்கு வரன் தேடுவது மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் வாசலில் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். முதலில் ஒரு நிறுவனத்தின் இலவச வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார். காதில் மைக் மாட்டிய ஒருவர், எல்லோரையும் எழுந்து நின்று கைதட்டி, நான் ஒரு புலி என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார். பெட்டியக்காவும் சொன்னார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, “அப்படின்னா இன்னைக்குக் கறி வாங்கணுமே” என்றார் அவர். அடுத்தது, பதிவு செய்த பாடங்கள். நாற்பது பாடம். எல்லாம் கைப்பேசித் திரையில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்பது பற்றி. அட்டை என்ற சொல்லே வரவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பவர். தொலைபேசியில் விலாவாரியாக எதுவும் அளக்கவில்லை. முதலில் ஒரு நாள் முழுக்க அறையின் மூலையில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும், பிறகுதான் என்ன சொல்லிக்கொடுப்பது என்று சொல்ல முடியும் என்றார். பெட்டியக்காவுக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. முதலாளியிடம் நாலு தடவை நடந்து அந்தப் பெண்மணியை அழைக்க ஒப்புக்கொள்ள வைத்ததும் பெட்டியக்காதான்.

பயிற்சியாளர் சொன்னபடி ஒரு நாள் மூலையில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் சுவர் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னார். ஆளுக்கு ஒரு கட்டு மஞ்சள் சீட்டு கொடுத்தார். வேலை கைக்கு வந்ததிலிருந்து பெட்டி வெளியே போவது வரைக்கும் தான் என்ன செய்கிறோம் என்பதை, ஒரு சீட்டுக்கு ஒன்றாக, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எழுத வேண்டும். பெட்டியக்காவையும் எழுதச் சொன்னார். ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் வாயால் ஒன்று சொல்வார்கள், சுவரில் வேறொன்று வரும் என்றார்.

ஐந்து பேரும் சீட்டுகளை வரிசையாக ஒட்டினார்கள். அளவு எடுப்பேன். வரைவேன். மாதிரி வெட்டுவேன். வரிசை நீண்டுகொண்டே போய், ஒரே இடத்தில் நின்றது. ஐந்து பேருடைய கடைசிச் சீட்டிலும், ஐந்து விதமான கையெழுத்தில், ஒரே வாசகம் இருந்தது.

அக்கா பாத்துப்பாங்க.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியக்காவும் சிரித்தார்; அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

“அக்கா என்ன பாப்பீங்க?” என்று கேட்டார்.

“பெருசா ஒண்ணுமில்ல மேடம். சின்னச் சின்னதா சரி பண்ணுவேன்.”

“என்னென்னன்னு எழுதுங்க. எல்லாத்தையும்.”

மழுப்பலாம் என்றால் பெட்டியக்காவுக்கு அது வராது. எழுதினார். தடிமன் கூட்டுவது. மடல் நீட்டுவது. மேல்மூடியின் ஓரத்தைக் கழிப்பது. எழுத எழுத அறையில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. பதினான்கு சீட்டு ஆனது. அவர் தன்னுடைய சீட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பியபோது, ஐந்து பேரும் அவரைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. வீட்டுச் சாவி இன்னொருவரிடமும் இருந்திருக்கிறது என்று தெரியவந்தவர்கள் பார்க்கிற பார்வை.

“தடிமன் நான் போடுறதில்லையா?” என்று கேட்டாள் கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டதால் அறையில் அவளுக்கு அந்தப் பெயர். ஆறு வருஷமாக அங்கே வேலை செய்கிறாள். ஐவரில் வேலை சுத்தமானவள் அவள்தான் என்பது எல்லோருடைய எண்ணம். அவளுடைய எண்ணமும் அதுதான்.

“சில சமயம் போடுவே.”

“எத்தனை தடவை போடல?”

பெட்டியக்கா தரையைப் பார்த்தார். “பாதிக்கு மேல.”

கண்ணாடி எழுந்து வெளியே போனாள். பெட்டியக்கா பின்னாலேயே போனார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கேட்டுத் தேர்வுக்குப் போயிருந்தாள். ஒரு பெட்டி வரையச் சொன்னார்கள். வரைந்தாள். தேர்வாகவில்லை, காரணமும் சொல்லவில்லை. திரும்பி வந்து அந்த வரைபடத்தின் நகலைப் பெட்டியக்காவிடம் காட்டி அழுதாள். அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சும்மா என்று சொல்லி பெட்டியக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“அன்னைக்கு அந்தப் படத்தைப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“ஏங்க்கா சொல்லல?”

“நீ அழுதுட்டு இருந்தே.”

“அழுது முடிச்சப்பறம் சொல்லியிருக்கலாமே. ரெண்டு வருஷம் இருந்துச்சே.” கண்ணாடி குரலை உயர்த்தவில்லை. “நான் நல்லா வரையறேன்னு நினைச்சிட்டு இருந்தேங்க்கா. ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டும் இருந்தேன்.”

பெட்டியக்காவுக்கு மீசைக்காரர் நினைவுக்கு வந்தார். மீசைக்காரர் ஒரு தாளைத்தான் கிழித்தார். அதுவும் எல்லோர் எதிரிலும், அவருக்குத் தெரியும்படி கிழித்தார். அன்றைக்கு அழுத பெட்டியக்கா, மறுநாளே எது தப்பு என்று தெரிந்துகொண்டார்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, “நான் ஓட்டக் கத்துக்கிட்டப்ப பக்கத்து சீட்ல ஒருத்தர் கள்ளத்தனமா பிரேக்கை அமுக்கிட்டே இருந்திருந்தா, எனக்கு வண்டி நிக்குதேன்னு சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். பெட்டியக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.

பயிற்சி ஆறு வாரமும் நடந்தது. நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, மிஞ்சிய ஒருவர் ஏதாவது ஒரு ஜோடியோடு ஒட்டிக்கொண்டு, ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்த்தார்கள். தப்பைக் கண்டுபிடித்தால் வரைந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். திருத்துவது வரைந்தவரின் கை மட்டுமே. நிஜ அட்டையில் வெட்டாதது மாதிரிப் பெட்டியே இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். அந்த ஆறு வாரமும் பெட்டியக்கா எந்த வரைபடத்தையும் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. அவர் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் முதன்முதலாக எல்லோரோடும் சேர்ந்து சூடாகச் சாப்பிட்டார். அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். நாலைந்து நாளில் அவரே தனியாகச் சாப்பிடப் போய்விட்டார்.

ஏழாவது வாரம் முதலாளி கூப்பிட்டார். ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை, வேலையும் முன்னைவிட இரண்டு நாள் சீக்கிரம் முடிகிறது, அறை அப்படியே இருக்கும், யாரையும் அனுப்பப் போவதில்லை என்றார். பெட்டியக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பிறகு முதலாளி, வேலையெல்லாம் இதுவரைக்கும் வந்து தேங்கி நின்றது பெட்டியக்காவின் மேஜையில்தான் என்று பயிற்சியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பதைச் சொன்னார். முதலாளிக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

“கொஞ்ச நாள் கீழ மாதிரிப் பெட்டி வெச்சிருக்கற அறையைப் பாத்துக்குங்கம்மா. உங்களைக் குறைச்சு நினைக்கல.”

“சரிங்க” என்றார் பெட்டியக்கா. பயிற்சியாளரைத் தேடிக் கொண்டுவந்தது நான்தானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்டது கிடைத்திருக்கிறது, ஐந்து பேருக்கும் வேலை இருக்கிறது.

கீழ் அறைக்கு இடம் மாறி பத்து நாள் கழித்து, கண்ணாடி படியிறங்கி வந்தாள். சீட்டு ஒட்டிய அந்த நாளுக்குப் பிறகு அவள் பெட்டியக்காவிடம் வேலை தவிர எதுவும் பேசியதில்லை. உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே பேசினாள். அந்தப் பெரிய கம்பெனியில் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் தேர்வு. இந்தத் தடவை போகப் போகிறாள்.

“நான் எங்கெங்க தப்பு பண்றேன்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியலக்கா. ஆறு வருஷத்துப் படம் உங்ககிட்டதானே வந்துச்சு. நான் வரைஞ்சது இது, நீங்க மாத்தினது இதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. அது போதும் எனக்கு.”

பெட்டியக்காவின் முகம் மலர்ந்தது. கேட்டுவிட்டாளே என்றிருந்தது. கணினிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தார். வரிசையாக அவள் பெயரில் நூற்றுக்கணக்கான கோப்புகள். முதலாவதைத் திறந்தார். தடிமன் சரியாக இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். மடல் சரியான நீளத்தில் இருந்தது. ஐந்தாவதைத் திறக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் திருத்தியதையெல்லாம் அதே கோப்பின் மேலேயே சேமித்திருந்தார். வரைந்தவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். கண்ணாடி வரைந்தது எதுவும் அங்கே இல்லை. எல்லாம் பெட்டியக்கா வரைந்தது. அவள் பெயர் போட்டது.

“ஒண்ணுகூட இல்லையாக்கா?”

“இல்லம்மா.”

 கண்ணாடிக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலாம். “சரி, விடுங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

பெட்டியக்கா ஒரு தாளை எடுத்தார். ஞாபகத்திலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தார். சோப்புப் பெட்டி, கீழ் மடல், இரண்டு மில்லிமீட்டர் குட்டை. விளக்குப் பெட்டி, பக்கவாட்டு மடிப்பில் தடிமன் இல்லை. செருப்புப் பெட்டி, மூடி இறுக்கம். மூன்று வந்தது. நாலாவதாக ஒரு மருந்துப் பெட்டி நினைவுக்கு வந்தது. மூடி ஓரம் கழிக்காமல் விட்டிருந்தது. அது கண்ணாடி வரைந்ததா, மற்ற நாலு பேரில் ஒருவர் வரைந்ததா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இரண்டு இரண்டு பேராக உட்காருகிறார்கள்.